கிராஃபிக் டிசைன் படிக்க மொரட்டுவையா, கல்லடியா, கொழும்பில் தனியாரா?

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டார், சித்திரமும் ஒரு பாடம், பெறுபேறு இன்னும் வரவில்லை. கிராஃபிக் டிசைன் பட்டம் படிக்க ஆசை. கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகமா, மொரட்டுவையா, யாழ்ப்பாணமா, இல்லாவிட்டால் காணியை அடகு வைத்தாவது கொழும்பில் ஒரு தனியார் நிறுவனமா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். அப்பா கொம்பியூட்டர் படி என்கிறார், அம்மா ரீச்சர் வேலை கிடைக்கிற பட்டமாகப் பார் என்கிறார்.

நான் மட்டக்களப்பில் டிசைன் வேலை செய்கிறவன், அதற்கு முன் கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தவன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நீங்கள் சொன்ன இந்த எல்லா இடங்களிலும் படித்த பிள்ளைகளின் வேலைகளைப் பார்க்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

என் பதில் இதுதான் தங்கச்சி. உளச்சார்புப் பரீட்சையில், அதாவது பல்கலைக்கழகம் தனியாக வைக்கிற திறன் சோதனையில், சித்தியடைந்து இடமும் கிடைத்தால் மொரட்டுவை. கிடைக்காவிட்டால் கல்லடி, ஆனால் கல்லடிக்குப் போனால் நீங்களாகவே செய்துகொள்ள வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. காணியை அடகு வைக்க வேண்டாம். இனி காரணங்கள், அதுதான் நீளம்.

முதலில் அம்மா சொல்வதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர் சொல்வதை யாரும் ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்பதில்லை. அரசாங்கப் பாடசாலையில் சித்திர ஆசிரியராக வருவதுதான் குறிக்கோள் என்றால் நீங்கள் தேடவேண்டியது டிசைன் பட்டமே இல்லை, நுண்கலைப் பட்டம். கல்லடியும் யாழ்ப்பாணமும் அதற்கு நேர்வழி. மொரட்டுவை டிசைன் பட்டத்தோடு ஆசிரியர் நியமனத்துக்குப் போகிறேன் என்றால் விண்ணப்பத்தில் கேட்கிற பட்டத்தின் பெயரும் உங்கள் பட்டத்தின் பெயரும் பொருந்தவில்லை என்று அலைய வேண்டி வரலாம். ஆக, பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்வதற்கு முன்னால் வீட்டில் பேசி முடிக்கவேண்டியது இதைத்தான்: ஊரில் அரச உத்தியோகமா, டிசைனர் வேலையா? இரண்டுக்கும் ஒரே பட்டம் போதும் என்று யாராவது சொன்னால் அவர் இரண்டையும் செய்து பார்த்தவரா என்று கேளுங்கள்.

டிசைனர் வேலைதான் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், கேள்வியின் தொனி அப்படித்தான் இருந்தது.

டிசைன் பட்டத்தில் போட்டோஷொப் படிப்பிப்பார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் முதல் வருடத்திலேயே மனம் உடைகிறார்கள். மென்பொருளை இப்போது வீட்டிலிருந்தே கற்கலாம், கன்வா வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, 2022இலிருந்து ஏஐ படம் வரைந்து தருகிறது, பிறந்தநாள் போஸ்டருக்கு டிசைனரைத் தேடி வருகிற கூட்டம் குறைந்துபோயிற்று. அப்படியிருக்க நான்கு வருடம் எதற்கு? உங்கள் வேலையைச் சுவரில் ஒட்டி, ஏன் இந்த எழுத்து, ஏன் இந்த நிறம், ஏன் தலைப்பு இங்கே, இதைப் பார்க்கப்போவது யார், அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு பார்ப்பாரா கையில் வைத்துப் படிப்பாரா என்று விரிவுரையாளரும் கூடப்படிக்கிறவர்களும் நிற்கவைத்துக் கேட்பார்களே, அதற்கு. நான்கு வருடம் வாரத்துக்கு வாரம் அப்படித் திருத்தம் வாங்கிய பிள்ளையும், தனியே யூடியூப் பார்த்துக் கற்ற பிள்ளையும் ஒரே லோகோவைக் கொண்டுவந்து வைத்தால் வித்தியாசம் எனக்கு அந்த லோகோவில் தெரியாது, வாடிக்கையாளர் "பிடிக்கவில்லை" என்று சொன்ன மறுநாள் தெரியும். ஒருவர் காரணம் கேட்டுத் திருத்துவார், மற்றவர் கோபித்துக்கொண்டு போனை எடுக்கமாட்டார்.

அதனால் ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்க்கும்போது என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். உங்கள் வேலையை யார் திருத்துவார்கள், எத்தனை பேருக்கு ஒருவர், வாரத்தில் எத்தனை மணித்தியாலம்? கட்டடமும் மேக் கொம்பியூட்டர் வரிசையும் படத்தில் அழகாக இருக்கும், அவை உங்களைத் திருத்தாது.

இந்தக் கேள்விக்கு இலங்கையில் நல்ல பதில் தருகிற அரச இடம் மொரட்டுவை. கட்டுபெத்தையில் கட்டடக்கலைப் பீடத்துக்குள் ஒருங்கிணைந்த வடிவமைப்புத் துறை இருக்கிறது. நான்கு வருடச் சிறப்புப் பட்டம், ஆங்கில மொழிமூலம். கட்டடக்கலை படிக்கிறவர்களோடு ஒரே பீடத்தில் இருப்பதால் அந்த ஸ்டூடியோப் பழக்கம், அதாவது ராத்திரி பகலாக மேசையில் வேலை செய்து காலையில் எல்லார் முன்னாலும் வைத்து விளக்கம் சொல்கிற பழக்கம், அங்கே ஊறிப்போனது. கிராஃபிக் மட்டும் அல்ல, பொருள் வடிவமைப்பு போன்ற மற்றப் பக்கங்களும் அதே துறைக்குள் இருப்பதால் உங்கள் பார்வை அகலும். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் இல்லை, குடும்ப வருமானத்தைப் பொறுத்து மகாபொலவோ பர்சரியோ கிடைக்கலாம், விடுதி கிடைக்காத வருடங்களில் போர்டிங் செலவுதான் கையைக் கடிக்கும்.

கலைப்பிரிவில் படித்ததால் அந்தக் கதவு மூடியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் போடுகிற கைநூலில் டிசைன் பாடநெறிக்கு உயர்தரத்தில் என்ன, சாதாரண தர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் என்ன கேட்கிறார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். போன வருடக் கைநூலை அக்காமாரிடம் வாங்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றம் வரும். இன்னொன்று, மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குள் வருவதால் 5 வீத மேலதிக ஒதுக்கீடு நம்மைத் தூக்கிவிடும் என்று ரியூசன் வகுப்புகளில் சொல்வார்கள். மருத்துவம், பொறியியலுக்கு அந்தக் கதை சரி. கலைப்பாடநெறிக்கு அகில இலங்கைத் திறமை அடிப்படையில்தான் எடுக்கிறார்கள், டிசைனுக்கு எப்படி என்பதை அதே கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் மாவட்டத்தை நம்பி இருக்காமல் இசட் புள்ளியையும் உளச்சார்புப் பரீட்சையையும் நம்புங்கள்.

மொரட்டுவையின் கஷ்டத்தையும் சொல்லவேண்டும். தமிழ் மொழிமூலம் படித்துப் போகிற பிள்ளைக்கு முதல் வருடம் கடினம். பாடம் விளங்காமல் போவதில்லை, படம் பார்த்தால் விளங்கும். சுவரில் ஒட்டிய உங்கள் வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொல்வார்கள், அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நல்ல வேலை செய்த பிள்ளை பேசத் தெரியாததால் புள்ளி இழப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போதே, பெறுபேறு வரும்வரை, ஒரு போஸ்டரைக் கையில் எடுத்து அதில் என்ன நல்லது என்ன பிழை என்று ஆங்கிலத்தில் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிங்களமும் கொஞ்சம் வேண்டும், வகுப்புக்கு இல்லாவிட்டாலும் வகுப்புத் தோழர்களுக்கு.

கல்லடிக்கு வருவோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிற நிறுவகம், கட்புல, தொழில்நுட்பக் கலைக்கு நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. பெயரில் தொழில்நுட்பம் இருந்தாலும் அடிப்படை நுண்கலைதான். வரைதல், நிறம், வடிவம், கலை வரலாறு எல்லாம் அழுத்தமாகக் கிடைக்கும். அதைக் குறைவாக நினைக்கவேண்டாம், வரையத் தெரிந்த டிசைனரும் வரையத் தெரியாத டிசைனரும் முப்பது வயதில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தமிழில் படிக்கலாம், கல்முனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற தூரம், வீட்டுச் சாப்பாடு. ஆனால் எழுத்துருவியல், பக்க அமைப்பு, அச்சுக்கு ஃபைல் தயாரித்தல், இணையத்தள இடைமுகம் போன்ற டிசைனரின் அன்றாட வேலையை ஒரு முழு டிசைன் பட்டம் தருகிற அளவுக்கு ஒரு நுண்கலைப் பட்டத்திடம் எதிர்பார்க்க முடியாது. நீங்களாகவே செய்துகொள்ள வேண்டிய வேலை என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

கல்லடியில் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது, பலர் அதைக் கண்டுகொள்வதேயில்லை. அதே வளாகத்தில் கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், நாடகமும் அரங்கியலும் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு ஆற்றுகைக்கும் போஸ்டர் வேண்டும், அழைப்பிதழ் வேண்டும், மேடைப் பின்னணி வேண்டும், டிக்கெட் வேண்டும். உண்மையான நிகழ்ச்சி, உண்மையான திகதி, காசில்லாத வாடிக்கையாளர். இதைவிட நல்ல பயிற்சி கொழும்பில் காசு கட்டினாலும் கிடைக்காது. முதல் வருடத்திலேயே நாடகத் துறையில் ஒரு ஆளைச் சிநேகிதம் பிடித்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் ஒரு அச்சகத்தில் போய் நில்லுங்கள், சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை. திரையில் பார்த்த நீலம் அச்சில் ஏன் ஊதாவாக வந்தது, ஓரத்தில் 3 மில்லிமீற்றர் ஏன் கூடுதலாக விடவேண்டும், வெட்டுகிற இயந்திரம் எவ்வளவு கோணல் என்பதை அங்கே கண்ணால் பார்ப்பீர்கள்.

யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்தில் இருக்கிற இராமநாதன் பீடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம், தமிழ் மொழிமூலம். இயல்பு கல்லடியை ஒத்ததுதான். யாழ்ப்பாணத்தில் உறவினர் யாரும் இல்லையென்றால், கல்லடி கிடைக்கிற ஒரு கல்முனைப் பிள்ளை அவ்வளவு தூரம் போவதற்குப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தில் கட்புலத் தொடர்பாடல் வடிவமைப்புக்கென்றே தனித்துறை இருக்கிறது, பெயரைப் பார்த்தால் உங்களுக்கு நேராகப் பொருந்துவது அதுதான். ஆனால் அங்கே படிப்பு பெரும்பாலும் சிங்கள மொழிமூலம். அம்பாறை நகரில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்து சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்தவருக்கு அது அருமையான தெரிவு. உங்களுக்குச் சிங்களம் சந்தையில் பேசுகிற அளவுதான் என்றால் விட்டுவிடுங்கள்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வீட்டுக்குப் பக்கம் என்று அப்பா சொல்வார். அங்கே தகவல் தொழில்நுட்பம் இருக்கிறது, டிசைனுக்கென்று தனிப் பட்டம் இல்லை. நிரலாக்கத்தில் ஆசை இல்லாத பிள்ளையை அங்கே தள்ளவேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனி தனியார். கொழும்பில் ஏ.ஓ.டி என்கிற டிசைன் கல்லூரி நீண்டகாலம் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகப் பட்டங்களைக் கொழும்பிலேயே வழங்கிப் பெயர் எடுத்த இடம். அங்கிருந்து வருகிற பிள்ளைகளின் போட்ஃபோலியோ பார்க்க நன்றாக இருக்கும், கொழும்பு நிறுவனங்களோடு தொடர்பும் உண்டு. மாலபேயில் எஸ்.எல்.ஐ.ஐ.டியில் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்குள் இன்டரக்டிவ் மீடியா சிறப்பு இருக்கிறது, அப்பாவுக்கும் உங்களுக்கும் நடுவில் சமாதானம் பேச அது உதவலாம், ஆனால் அனுமதித் தகைமையில் கலைப்பிரிவை ஏற்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இடங்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை. காசு யாருடையது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுப் பட்டத்தில் கட்டணத்தின் ஒரு பகுதி இங்கிலாந்துப் பவுணில் இருக்கும். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தாண்டியது, பவுணும் கூடவே ஏறியது. அந்த நேரம் நடு வருடத்தில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் பட்டபாடு எனக்குத் தெரியும். மாதச் சம்பளம் கொழும்பில் வாங்குகிற குடும்பம் அதைத் தாங்கலாம், ஒரு துண்டு வயல் காணியை நம்பி இறங்குகிற குடும்பம் தாங்காது.

தனியாரிடம் போகத்தான் போகிறீர்கள் என்றால் விளம்பரப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். பட்டத்தைத் தருவது யார்? இலங்கை நிறுவனமே தருகிறது என்றால் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்குப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அனுமதி இருக்கிறதா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தருகிறது என்றால் அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள். நிறுவனத்தின் பெயருக்கு அனுமதி இருப்பதும் நீங்கள் சேர்கிற பட்டத்துக்கு அனுமதி இருப்பதும் வேறு வேறு. அடுத்தது, அது சிறப்புப் பட்டமா, இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 6ஆம் மட்டமா, இல்லை பொதுப் பட்டமாக 5ஆம் மட்டமா? பின்னால் முதுகலைக்கு வெளியே போக நினைத்தால் இந்த ஒரு இலக்கம் காலை வாரும். அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்குக் கல்வி அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன் ஒன்று இருக்கிறது, குறிப்பிட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும். காணி உறுதியை எடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலை எடுங்கள்.

இந்தியாவைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சென்னையில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், என்று கல்லூரிக்குக் கல்லூரி இருக்கிறது, அது பெரும்பாலும் சினிமா, புகைப்படம், ஊடகம், டிசைன் அதில் ஒரு மூலைதான். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது, அங்கே நுண்கலைப் பட்டத்தில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு இருக்கிறது, அது வேறு தரம். அஹமதாபாத் என்.ஐ.டி, அதாவது தேசிய வடிவமைப்பு நிறுவகம், 1961இல் தொடங்கிய இடம், இந்தியாவில் டிசைனுக்கு அதுதான் பெரிய பெயர், நுழைவுப் பரீட்சை இரண்டு கட்டம், கடினம். இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் இலங்கை மாணவர்களின் இளமாணிப் பட்டத்துக்கு வருகிறது, கல்வி அமைச்சின் அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருங்கள். புலமைப்பரிசில் கிடைத்தால் பேசுவோம், கிடைக்காமல் இந்தியா வேண்டாம்.

எங்கே படித்தாலும் நம் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு கை ஓங்கியிருக்கிற விஷயம் தமிழ் எழுத்து, அதை யாரும் உங்களுக்குப் பாடமாக நடத்தமாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே வேலை எப்படி வரும் என்று பாருங்கள். ஆஸ்பத்திரி அறிவித்தல் பலகை மூன்று மொழியில், தொண்டு நிறுவனத்தின் துண்டுப்பிரசுரம் மூன்று மொழியில், கொழும்பிலும் விற்கவேண்டிய மருதமுனைச் சாரத்துக்கு ஒட்டுகிற லேபல், பாசிக்குடா ஹோட்டல் மெனு, கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை ஆண்டு மலர். கொழும்பு டிசைனர் ஆங்கிலத்தை அழகாக வைத்துவிட்டுத் தமிழை ஏதோ ஒரு எழுத்துருவில் கீழே ஒட்டிவிடுவார், வரி நீண்டு வெளியே வழியும். நம் அச்சகங்களில் பாதிப்பேர் இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் தட்டுகிறார்கள், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் முழுப் பக்கமும் ஆங்கில எழுத்துக் கிறுக்கல். எந்தக் கொம்பியூட்டரிலும் தெரிகிற யுனிகோட்டுக்கு மாறினால் இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கொம்போசரையும் இலஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கொம்போசரையும் போடவேண்டும், போடாவிட்டால் கொம்பு இடம் மாறி எழுத்து உடைந்து நிற்கும். அப்படி உடைந்த பேனர்கள் கல்முனைச் சந்தியிலேயே தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் மூனியக் என்றொரு குழு இலங்கை எழுத்துகளுக்கு இலவச எழுத்துருக்கள் செய்து வெளியிட்டது, போஸ்ட் நோ பில்ஸ் ஜஃப்னா அதில் ஒன்று, தேடிப் பாருங்கள். மூன்று மொழியையும் ஒரே பக்கத்தில் சண்டை பிடிக்காமல் உட்காரவைக்கத் தெரிந்த டிசைனரை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன், கொழும்பிலும் தேடுகிறார்கள். உங்கள் இறுதி வருட வேலையை இதில் செய்தால் எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன்.

பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் தொடங்குவதற்குள் நீண்ட காலம் போகும். அந்த இடைவெளியில் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் கொம்பியூட்டர் கிராஃபிக் டிசைனர் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டம் செய்யப் பாருங்கள். மென்பொருளை அங்கே முடித்துவிட்டால் பட்டப்படிப்பில் அதற்கு நேரம் வீணாகாது, பட்டம் தள்ளிப்போனாலும் கையில் ஒரு தகைமை இருக்கும். பழைய லப்டொப் போதும், புதிதாக வாங்க அவசரப்படவேண்டாம்.

உளச்சார்புப் பரீட்சைக்குத் தினமும் பென்சிலால் வரையுங்கள், படத்தைப் பார்த்து அல்ல, பொருளைப் பார்த்து. அம்மியை, செருப்பை, கூடையை, பஸ் நிலையத்தில் நிற்கிற ஆட்களை. அப்புறம் ஒரு சாதாரணப் பொருளை எடுத்து, கண் தெரியாதவருக்கு, ஒரு கை இல்லாதவருக்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்று மாற்றி மாற்றி வடிவமைத்துப் பாருங்கள். நடிகர் முகத்தை நிழல் போட்டு அச்சு அசலாக வரைகிற திறமையை மட்டும் நம்பிப் போகவேண்டாம், பார்க்கவும் யோசிக்கவும் தெரிகிறதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள்.

கடைசியாக விண்ணப்பம். உளச்சார்புப் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், ஆணைக்குழு விண்ணப்பத்தில் யுனிகோட் இலக்கம் (மேலே சொன்ன எழுத்து யுனிகோட் இல்லை, பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் குறிக்கிற குறியீடு) போட்டால் மட்டும் போதாது, இதைத் தெரியாமல் வாய்ப்பை விட்ட பிள்ளைகள் நம் பக்கத்தில் அதிகம். விருப்பு வரிசையில் மேலே எது இருக்கிறதோ, தகுதி வந்தால் அதைத்தான் தருவார்கள், கீழே உள்ளதைக் கேட்க முடியாது. ஆகவே மொரட்டுவை டிசைனை முதலிலும் கல்லடியை அதற்கு அடுத்தும் போட்டுவிட்டு, அம்மாவின் மனத்துக்காக வேறு எதையும் அவற்றுக்கு மேலே செருகாதீர்கள். போடுவதற்கு முதல் நாள் ஒரு தரம் கல்லடிக்கு நேரில் போய், இறுதி வருடப் பிள்ளைகளின் வேலையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், காட்டுவார்கள்.